ஒப்பீட்டு வரிசை

காலர் வைக்கும் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. வைத்தது சரியா தப்பா என்று சட்டையைப் போட்டுப் பார்த்த நிமிஷமே தெரிந்துவிடும். உலகத்தில் எல்லா வேலையும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா, அந்த நினைப்போடுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் பல்கலைக்கழகத்தின் பெரிய வாசலில் மகளோடு வந்து இறங்கினார்.

விஷயம் இதுதான். மகள் புள்ளியியல் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தாள். காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் முதலாவதாக இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட, ஓர் இடம் காலியானது. முந்தின நாள் சாயங்காலம் கைப்பேசியில் செய்தி வந்தது. மறுநாள் மாலை நான்கு மணிக்குள் அசல் சான்றிதழ்களை நேரில் ஒப்படைத்து முத்திரை வாங்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். ஒப்படைக்கும் முன் "நம் பல்கலைக்கழகம்: ஓர் அறிமுகம்" என்ற நிகழ்ச்சியில் முழுமையாகக் கலந்துகொள்வது கட்டாயம்.

இடம் போனால் என்ன ஆகும் என்பதிலும் சந்தேகம் இல்லை. தையல் கடையில் பொத்தான் தைக்கும் நாற்காலி ஒன்று இரண்டு மாதமாகக் காலியாக இருந்தது. முதலாளி அதைத் தினமும் துடைத்து வைத்தார். "பொண்ணுக்கு அங்க கிடைக்கலேன்னா கவலைப்படாதீங்கம்மா, நம்ம நாற்காலி இருக்கு" என்று அவர் ஆறுதலாகச் சொல்லும்போதெல்லாம் தையல்காரம்மா அந்த நாற்காலியின் பக்கம் திரும்பாமலே மெஷினை மிதித்தார்.

வாசலுக்கு உள்ளே ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் இளம்பெண். எதிரே ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"வாங்கம்மா, வாங்க. அறிமுகத்துக்குத்தானே? இதுல ஒரு கையெழுத்து."

நாலு பக்கப் படிவம். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடும் வழக்கம் தையல்காரம்மாவுக்கு இல்லை.

"படிச்சுட்டுப் போடறேனே."

"எல்லாரும் போடறதுதாம்மா. பின்னாடி ஆள் நிக்கறாங்க பாருங்க."

பின்னால் கோட்டுப் போட்ட ஒருவர் மகனோடு நின்றுகொண்டு, கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் தையல்காரம்மாவைப் பார்த்தார். கோட்டின் இடது காலர் வலதைவிட அரை விரல் கீழே இறங்கியிருந்தது. அது கண்ணில் பட்டதும் தையல்காரம்மாவுக்குக் கவனம் சிதறிவிட்டது. "பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்" என்றிருந்த இடத்தில் போட்டுவிட்டார்.

"டப்பாக்குள்ள கையை விட்டு ஒரு சீட்டு எடுங்கம்மா."

மகள் இரண்டு கையாலும் ஃபைலைக் கட்டிப் பிடித்திருந்ததால் அம்மாவே எடுத்தார். நீலச் சீட்டு.

"டீக்கு டோக்கனாம்மா?"

"இல்லம்மா. நீலம்."

"நீலம்னா என்ன?"

"நீலம்னா நீலம்மா. வெச்சுக்கோங்க, தொலைச்சுடாதீங்க. அடுத்து!"

கோட்டுக்காரர் கையை விட்டு வெள்ளைச் சீட்டு எடுத்தார்.

அறிமுக நிகழ்ச்சி ஒன்பதரைக்குத் தொடங்குவதாக இருந்து, பத்தே காலுக்குத் தொடங்கியது. பெரிய அரங்கம். அறுநூறு பேர் உட்காரலாம்; எழுநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பதினோரு நாற்காலி. பதினொன்றிலும் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தி முடிக்கவே பதினொன்று ஆகிவிட்டது. பிறகு பதிவாளர் எழுந்தார்.

"அன்பு மாணவர்களே, மாணவர் ஆகப் போகிறவர்களே, ஆக முடியாமல் திரும்பப் போகிறவர்களே, எல்லோரையும் வரவேற்கிறேன். நம் வளாகம் மிகப் பெரியது. எவ்வளவு பெரியது என்று மூன்று குழுக்கள் அளந்து மூன்று விடை தந்திருக்கின்றன. மூன்றையும் நாங்கள் பெருமையோடு வெளியிட்டிருக்கிறோம். இங்கே நூற்றுப் பன்னிரண்டு துறைகள் இருக்கின்றன. பத்தொன்பது ஆய்வு மையங்கள் இருக்கின்றன. அந்தப் பத்தொன்பதும் என்ன செய்கின்றன என்று கண்டுபிடிக்க இருபதாவதாக ஒரு மையம் தொடங்கியிருக்கிறோம். கடந்த ஆண்டு மட்டும் ஒன்பதாயிரத்து முந்நூறு ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டோம். அவற்றை எத்தனை பேர் படித்தார்கள் என்பது இன்னும் ஆராயப்படவில்லை. நிதி கேட்டிருக்கிறோம்."

கைதட்டல். தையல்காரம்மாவும் தட்டினார். மகள் தட்டவில்லை, ஃபைலை விட்டால்தானே.

"மாணவர்கள் எங்கள் உயிர்மூச்சு என்று நான் எப்போதும் சொல்வேன்" என்று பதிவாளர் குரலைத் தாழ்த்தினார். "நாம் மூச்சு விடுகிறோம் என்பதை நாள் முழுக்க நினைத்துக்கொண்டா இருக்கிறோம்? இல்லையே! அது பாட்டுக்கு வரும், போகும். அப்படித்தான் மாணவர்களையும் நாங்கள் வைத்திருக்கிறோம்."

இதற்கு இன்னும் பலமான கைதட்டல். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். யாரும் கை தூக்கவில்லை. தையல்காரம்மா தூக்கினார். மகள் முழங்கையைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்தும்விட்டார்.

"ஐயா, என் பொண்ணு இங்க சேர்ந்தா, அவளுக்கு யாருங்க பாடம் நடத்துவாங்க?"

மேடையில் பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதிவாளர் தொண்டையைச் செருமினார்.

"அருமையான கேள்வி. இதுவரை யாரும் கேட்டதில்லை. இதில் ஓர் ஆய்வுக்கே இடம் இருக்கிறது." பக்கத்தில் திரும்பி, "குறிச்சுக்கோங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர் குறித்துக்கொண்டார். கேள்வி நேரம் முடிந்தது.

பின்வரிசையிலிருந்து கோட்டுக்காரர் குனிந்து, "இதெல்லாம் இங்க கேக்கக் கூடாதும்மா. பெரிய இடம்" என்றார்.

"சின்ன இடத்துல கேட்டா பதில் தெரிஞ்சுடுது சார். அதான் இங்க கேட்டேன்."

"ம்மா, வாயை மூடிட்டு வரியா?" என்றாள் மகள்.

அதன் பிறகு வளாகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். நாட்டிலேயே மிக அமைதியான வாசக அறை என்று ஒன்றைக் கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். உள்ளே ஓர் ஆள் கிடையாது. ஆள் வந்தால் சத்தம் வருகிறது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்து, அன்றிலிருந்து யாரையும் விடுவதில்லையாம். அடுத்து ஓர் ஆய்வுக்கூடம். நடுவில் யானை படுத்திருப்பதுபோல் துணி போர்த்திய ஓர் இயந்திரம். வாங்கி எட்டு வருஷம் ஆகிறது, இன்னும் ஓட்டவில்லை என்றார் சுற்றிக் காட்டியவர்.

"ஏன் சார்?"

"ஓட்டிட்டா உத்தரவாதக் காலம் ஆரம்பிச்சுடும்மா."

தையல்காரம்மா துணியைத் தொட்டுப் பார்த்தார். துணி நல்ல துணிதான். ஓரம் மட்டும் மடித்துத் தைக்கவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்கு அறிமுக அட்டையில் முத்திரை விழுந்தது. பன்னிரண்டு ஐம்பதுக்கு அம்மாவும் மகளும் சேர்க்கைக் கூடத்தில் நின்றார்கள். அங்கே இரண்டு ஜன்னல். வெள்ளைச் சீட்டு முதல் ஜன்னல், நீலச் சீட்டு இரண்டாம் ஜன்னல் என்று எழுதியிருந்தது. இரண்டாம் ஜன்னலில் இவர்கள்தான் முதல் ஆள். நாலு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தையல்காரம்மா காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சை இழுத்து விட்டார்.

ஜன்னலுக்குப் பின்னால் ஓர் எழுத்தர், இரண்டு கையையும் மேஜைமேல் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் முத்திரை, மைப்பெட்டி, பதிவேடு எல்லாம் வரிசையாக இருந்தன.

"சார், சான்றிதழ்."

"வணக்கம்மா."

"வணக்கம் சார். சான்றிதழ் வாங்கிக்கறீங்களா?"

எழுத்தர் புன்னகை செய்தார். வாங்கவில்லை. சாப்பாட்டு வேளையாக இருக்கும் என்று தையல்காரம்மா பொறுத்துக்கொண்டார். ஒன்றரை ஆயிற்று. பக்கத்து ஜன்னலில் மூன்று நிமிஷத்துக்கு ஒருவர் போய்க்கொண்டே இருந்தார்கள். டொக், டொக் என்று முத்திரை விழும் சத்தம் கேட்டது. இங்கே எழுத்தர் சாப்பிடவும் போகவில்லை, தூங்கவும் இல்லை. இவர்களையே பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப சார் வாங்குவீங்க?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. சொன்னா, எவ்வளவு நேரம் நிக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சு போயிடும்."

"தெரிஞ்சா என்ன சார்?"

"கெட்டுடும்மா."

எது கெட்டுவிடும் என்று கேட்பதற்குள் பக்கவாட்டிலிருந்து ஒருவர் வந்தார். காதோரம் நரைத்திருந்தது, முதுகில் மாணவர்கள் மாட்டும் பை. கையில் ஸ்டாப்வாட்ச்.

"வணக்கம்மா, நான் ஆய்வு மாணவன். ஒன்பதாவது வருஷம். இப்ப உங்க எரிச்சல் ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு?"

"என்னதுப்பா?"

"எரிச்சல்மா. சும்மா மனசுல படறதைச் சொல்லுங்க."

"நீ கேக்கறதுக்கு முன்னாடி நாலு. இப்ப ஆறு."

"நன்றிம்மா" என்று எழுதிக்கொண்டார்.

மகள்தான் மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, இது ஏதாவது ஆய்வா? நாங்க ஒப்பீட்டுக் குழுவா?"

ஆய்வு மாணவரின் முகம் மலர்ந்தது. ஆய்வு தொடங்கிய மூன்று வருஷத்தில் அவரை யாரும் இப்படிச் சரியாகக் கேட்டதில்லை. "கரெக்டா பிடிச்சிட்டம்மா! காத்திருத்தல் பத்தின ஆய்வு. மூணு வருஷமா நடக்குது. முதல் ஜன்னல் வேலை செய்யும். ரெண்டாவது ஜன்னல் செய்யாது. அப்பத்தானே வேலை செய்யற ஜன்னலால என்ன பயன்னு அறிவியல்பூர்வமா நிரூபிக்க முடியும்?"

"அதை எங்களைக் கேட்டா வாயாலயே சொல்லிட்டுப் போறோமேப்பா!" என்றார் தையல்காரம்மா.

"அது கருத்தும்மா. எங்களுக்குத் தரவு வேணும்."

"இது எப்ப முடியும்?"

"நீங்களா கைவிட்டுட்டுப் போற வரைக்கும். போற நேரத்தை நான் குறிச்சுக்குவேன். கைவிடும் நேரம்னு பேரு."

"கைவிடாம நின்னா?"

"நாலு மணிக்கு ஜன்னலை மூடிடுவாங்க. அதுக்கப்புறம் எல்லாரும் கைவிட்டுடறாங்கம்மா. இதுவரைக்கும் அப்படித்தான் நடந்திருக்கு" என்றார், நம்பிக்கையூட்டும் குரலில்.

தையல்காரம்மா திரும்பிப் பார்த்தார். இவர்களுக்குப் பின்னால் இப்போது பதினேழு குடும்பம் நின்றது. டப்பாவுக்குள் விட்டது தன் கை. நீலத்தை எடுத்தது தன் கை. ஓடிப்போய் முதல் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"வெள்ளைச் சீட்டு?" என்றார் அங்கிருந்தவர்.

"இல்ல சார், நீலம். நாலு மணிக்குள்ள..."

"வெள்ளைச் சீட்டு இருந்தா வாங்க."

வரிசையில் நின்ற கோட்டுக்காரர், "அவங்கவங்க வரிசைல நிக்கணும்மா. எல்லாரும் இப்படி நுழைஞ்சா நாடு எங்க உருப்படும்?" என்றார். அவர் மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

திரும்பி வந்தபோது மகளின் முகம் வெளுத்திருந்தது. அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அம்மாவுக்கு.

"தம்பி, நாங்க இந்த ஆய்வுல இல்லப்பா. விலகிக்கறோம். பேரை அடிச்சிடு."

"தாராளமா விலகலாம்மா. அது உங்க உரிமை. நெறிமுறைக் குழுகிட்ட மனு கொடுக்கணும். எதிர்க் கட்டடம், மூணாவது மாடி. போயிட்டு வாங்க, உங்க இடத்தை நான் பார்த்துக்கறேன். ஸ்டாப்வாட்ச் மட்டும் ஓடிட்டே இருக்கும்."

எதிர்க் கட்டடம் என்பது நடக்கும் தூரத்தில் எதிராக இல்லை. அங்கே மூன்றாவது மாடிக்கு முதல் மாடி வழியாகப் போக முடியாது என்றும் பிறகுதான் தெரிந்தது. மூன்று பத்துக்கு நெறிமுறைக் குழுத் தலைவரின் அறை வாசலில் மூச்சு வாங்க நின்றார்கள். தலைவர் உள்ளே ஒருவரும் இல்லாத அறையில் கூட்டம் முடிந்த களைப்போடு இருந்தார். மகள் ஃபைலின் மேல் காகிதம் வைத்து எழுதிய மனுவை வாங்கி, மேஜையில் வைத்து, அதன்மேல் மூக்குக் கண்ணாடியை வைத்தார்.

"மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வில் மனிதர்களுக்கு எந்தத் துன்பமும் வரக் கூடாது என்பதில் இந்தக் குழு மிகக் கண்டிப்பானது. அதனால்தான் மனுவோடு யார் வந்தாலும் நாங்கள் அவசரப்படுவதில்லை. மாதத்தில் இரண்டாவது வியாழக்கிழமை கூடுவோம்."

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள வேணும் சார். பொண்ணோட இடம் போயிடும்."

"புரியுதும்மா. முதல்ல ஆய்வின் வழிகாட்டிகிட்ட கருத்துக் கேட்கணும்."

"அவர் எங்க இருக்காரு? ஓடிப் போய்க் கேட்டுட்டு வரோம்."

"நான்தான்."

"அப்ப... கருத்தைச் சொல்லுங்களேன் சார்."

"அதெப்படிம்மா? நான் குழுவின் தலைவர். தலைவர் கருத்துச் சொன்னா நடுநிலை தவறிடும். அதனால வழிகாட்டியா நான் எழுதி அனுப்புவேன். தலைவரா நான் அதைப் பெற்றுக்குவேன். நடுவுல முப்பது நாள் இடைவெளி இருக்கணும்னு விதி. நானே போட்டதுதான்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தொன்பது. மகள் அம்மாவின் விரலை இறுகப் பிடித்தாள். தலைவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவைக் கடைசியாக ஒருமுறை மேலிருந்து கீழ் படித்தார். முகம் சுளித்தது. கணினியில் எதையோ தட்டிப் பார்த்தார்.

"இதுல வேற ஒரு குறை இருக்கே. மனு யார் பேர்ல? பொண்ணு பேர்லயா?"

"ஆமா சார், என் பேர்தான்" என்றாள் மகள்.

"ஒப்புதல் படிவத்துல கையெழுத்து யாருது?"

"நான்தான் சார் போட்டேன். சீட்டும் நான்தான் எடுத்தேன். தெரியாம..."

"அப்படிச் சொல்லுங்க!" தலைவர் வெற்றியோடு சாய்ந்துகொண்டார். "எழுநூத்து நாப்பத்து நாலாம் பங்கேற்பாளர் அம்மா நீங்க. உங்க பொண்ணு இந்த ஆய்வுலயே கிடையாது. ஆய்வுல இல்லாத ஆளு எப்படி ஆய்வுலேர்ந்து விலக முடியும்? இந்த மனுவை நான் வாங்கவே முடியாது."

மகள் வாய் திறந்து எதையோ சொல்லப் போனாள். தையல்காரம்மா அவள் கையை அழுத்தினார். துணியை எந்தப் பக்கம் திருப்பினால் தையல் தெரியும் என்று முப்பது வருஷமாகப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு.

"சார் சொல்றது சரிதான். பொண்ணு ஆய்வுல இல்ல" என்றார் பணிவாக. "தப்பு எங்க மேலதான். நிராகரிச்சுட்டோம்னு இதுலயே எழுதிக் கொடுத்துடுங்க சார். நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்ல."

நிராகரித்து எழுதுவது தலைவருக்குப் பிடித்த காரியம். நல்ல பேனாவைத் தேடி எடுத்தார். "மனுதாரர் இவ்வாய்வின் பங்கேற்பாளர் அல்லர். எனவே இம்மனு நிராகரிக்கப்படுகிறது" என்று முத்து முத்தாக எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டு, வட்ட முத்திரையும் வைத்தார்.

"நன்றி சார்" என்றார் தையல்காரம்மா. நிராகரித்ததற்காகத் தலைவருக்கு நன்றி சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். தலைவர் நெகிழ்ந்துபோய் எழுந்து நின்று வழியனுப்பினார்.

படியில் இறங்கும்போது மகளுக்கு மூச்சோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ம்மா! மூணு வருஷமா இவங்க விண்ணப்பிச்ச ஆளையே கேக்கலம்மா. கூட வந்த ஆளைக் கேட்டிருக்காங்க. எழுநூத்து நாப்பத்து நாலு பேரும் தப்பான ஆளு!"

"அதெல்லாம் சேர்ந்ததுக்கப்புறம் சிரி. இப்ப ஓடுடி!"

மூன்று நாற்பத்தேழு. இரண்டாம் ஜன்னல். எழுத்தர் கையைக் கோத்தபடி அப்படியே இருந்தார். தையல்காரம்மா நிராகரிப்பை அவர் முன்னால் விரித்து வைத்தார்.

எழுத்தர் படித்தார். பிறகு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தன் உத்தரவைப் படித்தார். நீலச் சீட்டுப் பங்கேற்பாளர்களிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று அதில் இருந்தது. பங்கேற்பாளர் அல்லாதவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

"அப்ப... நான் வாங்கலாம்" என்றார். "குடும்மா. குடு."

ஃபைலை வாங்கினார். ஒவ்வொரு சான்றிதழையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார்; அது ஒட்டிக்கொண்டிருந்தது. பெயரை எழுதினார். முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் அழுத்தி, காகிதத்தில் வைத்தார்.

ஒன்றும் விழவில்லை.

மறுபடியும் அழுத்தினார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. மூன்று வருஷமாகத் திறக்காத மைப்பெட்டி அப்பளமாகக் காய்ந்திருந்தது.

"மை வேணும்னா தேவைப் பட்டியல் போடணும்" என்றார் எழுத்தர். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "பக்கத்து ஜன்னல்ல வாங்கக் கூடாது, ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்னு..."

மூன்று ஐம்பது. மகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஜன்னலுக்குள் நீட்டினாள். எழுத்தர் மூடியில் ஊற்றி, நாலு சொட்டு விட்டு, கட்டை விரலால் மைப்பெட்டியைத் தேய் தேய் என்று தேய்த்தார். விரல் ஊதா நிறமானது. முத்திரையை வைத்து, எழுந்து நின்று, முழு உடம்பாலும் அழுத்தினார். எடுத்தபோது காகிதத்தில் வெளிறிய ஒரு வட்டம் இருந்தது. படிக்க முடிந்தது.

"சேர்ந்துட்டம்மா நீ" என்றார்.

மகள் அந்தக் காகிதத்தைப் பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையிலும் வாங்கினாள். மை காயும்வரை மடிக்கக் கூடாது. "வாம்மா, போயிடலாம். யாராவது வந்து மாத்திடப் போறாங்க."

தையல்காரம்மா போகத்தான் திரும்பினார். திரும்பியபோது பின்னால் நின்ற பதினேழு குடும்பமும் அவரையே பார்த்தது.

"படிவத்துல கையெழுத்து யாருங்க போட்டீங்க? நீங்களா, பிள்ளைங்களா?"

"நான்தாங்க" என்றார் ஒருவர். "நான்", "நான்தான்", "இவங்க அப்பா போட்டாரு" என்று குரல்கள் எழுந்தன.

"அப்ப பிள்ளைங்க ஒருத்தரும் ஆய்வுல இல்ல. பெரியவங்க எல்லாம் ஒதுங்கி நில்லுங்க. பிள்ளைங்களை முன்னாடி விடுங்க, சீக்கிரம்!"

எழுத்தருக்குச் சாமி வந்ததுபோல் ஆகிவிட்டது. "குடு! அடுத்து! குடு!" மூன்று வருஷம் தேக்கி வைத்த வேலை அவர் தோளிலிருந்து இறங்கியது. டொக், டொக், டொக்.

ஆய்வு மாணவர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்தார். கைப்பேசியில் யாரையோ கூப்பிட்டு, "சார், ஒப்பீட்டுக் குழுவுக்கு வேலை நடக்குது சார்!" என்று மட்டும் சொன்னார்.

மூன்று ஐம்பத்தாறுக்குத் தலைவர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். எவ்வளவு வேகமாக வர முடியும் என்று அன்றுதான் அவருக்கே தெரிந்திருக்கும். கூடத்தின் நடுவில் நின்று கையை உயர்த்தினார்.

"யாரும் பதற்றப்பட வேண்டாம். ஆராய்ச்சியில் தோல்வி என்று ஒன்று கிடையாது. நீட்டிப்பு என்று ஒன்றுதான் உண்டு. இரண்டாம் ஜன்னல் வேலை செய்கிறது என்றால் அதுவும் ஒரு முடிவுதான். ஆனால் ஒப்பீடு இல்லாமல் அறிவியல் இல்லை. எனவே இந்த நிமிடத்திலிருந்து முதல் ஜன்னல் வேலை செய்யாது."

முதல் ஜன்னலின் எழுத்தர் ஒரு பெருமூச்சு விட்டு, முத்திரையை வைத்துவிட்டு, கையைக் கோத்துக்கொண்டார். அவர் முன்னால் எட்டுப் பேர் நின்றார்கள். முதல் ஆள் கோட்டுக்காரர்.

"இந்தப் பக்கம் வாங்க!" என்று தையல்காரம்மா கூப்பிட்டார். "நாலு நிமிஷம்தான் இருக்கு, அங்க நிக்காதீங்க, வாங்க!"

இரண்டு பெண்பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பிறகு நாலு பேர். கோட்டுக்காரர் அசையவில்லை.

"நாங்க காலையிலேர்ந்து ஒழுங்கான வரிசைல நிக்கறோம். அடுத்தது நாங்கதான்."

"அவர் வாங்க மாட்டார் சார். எங்களுக்கு மூணு மணி நேரம் வாங்கல."

"அது உங்க வரிசைம்மா."

மகன் அப்பாவின் கையைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். ஃபைலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

"டேய்! சரி, நீ வேணா போய்ப் பாரு. நான் இங்க இடத்தை விடாம நிக்கறேன்!" என்று கத்தினார் கோட்டுக்காரர்.

மகனின் காகிதத்தில் விழுந்ததுதான் கடைசி முத்திரை. நாலு மணிக்கு இரண்டு ஜன்னலும் ஒன்றாக மூடின. முதல் ஜன்னலின் முன்னால், ஒருவரும் இல்லாத வரிசையில், முதல் ஆளாக நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார் கோட்டுக்காரர்.

அம்மாவும் மகளும் வாசலுக்கு வந்தபோது ஆய்வு மாணவர் குறுக்கே நின்றார். முழங்காலில் தூசி. கண் சிவந்திருந்தது.

"அம்மா, நீங்க போக முடியாது. உங்க பொண்ணு இல்ல, ஆனா நீங்க பங்கேற்பாளர்தான். கைவிட்டேன்னு சொல்லாம போகக் கூடாது. படிவத்துல நாலாம் பக்கம்."

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்பது வருஷம் என்று சொன்னது ஞாபகம் வந்தது. கோபம் வரவில்லை.

"சரிப்பா. கைவிட்டேன். எழுதிக்க."

"காரணம்மா? உடல்நிலை, வேறு வேலை, நம்பிக்கை இழந்ததுன்னு மூணு இருக்கு."

"நம்பிக்கை போயிடுச்சுன்னே போட்டுக்க."

அவர் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு இன்றும் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எழுநூற்று நாற்பத்து நான்காம் பங்கேற்பாளர், பெண், மூன்று மணி பன்னிரண்டு நிமிடம் காத்திருந்து, கையில் எதுவும் கிடைக்காமல், நம்பிக்கை இழந்து வெளியேறினார் என்று அதில் இருக்கிறது. உடன் ஓர் இளம்பெண், விரித்த காகிதம் ஒன்றை ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டு சிரித்தபடி போனாள். அவள் ஆய்வில் இல்லாததால் அது குறிக்கப்படவில்லை.